வயலிலிருந்து ஆலை வரை: இங்கிலாந்துப் பயணக் குறிப்புகள்

புதன், லாக்ஸ்டன்

நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் ஊரைச் சுற்றித் தெற்கு வயல், மேற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரும் வயல்வெளிகள் விரிந்திருக்கின்றன. அக்கம்பக்கத்துக் கிராமங்களில் உயிர்வேலிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாக அடைத்திருக்க, இந்த மூன்று வயல்களுக்குள் வேலி என்பதே இல்லை. ஒவ்வொரு வயலும் நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; ஒரு குடியானவருக்கு உரிய பட்டைகள் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். ஓராண்டில் ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் இளவேனிலில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. மறு ஆண்டு முறை மாறும். இடைக்காலத்தில் வட ஐரோப்பாவின் பெரும்பகுதி இப்படித்தான் உழுது விதைத்து உண்டது. அந்த முறையும் அதை நிர்வகிக்கும் ஊர் மன்றமும் சேர்ந்து இன்றுவரை உயிரோடிருப்பது இங்கேதான்.

பட்டைகளுக்கு இடையே, கலப்பை ஏற முடியாத சரிவுகளில், உழாத புல்நிலங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் ஓரமாக நடந்தபோது, உழவு முடிந்த மண்ணும் புல்லும் சந்திக்கும் இடத்தில் மரக்குச்சி ஒன்று அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், ஊர் விவசாயிகளிலிருந்து தெரிவு செய்யப்பட்ட குழுவினர் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வந்து, பொதுப்பாதையையோ புல்நிலத்தையோ யாராவது உழுது சேர்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்து, எல்லைக் குச்சிகளை அடித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் ஊரின் டவ்கோட் விடுதியில் மன்றம் கூடி, எல்லை மீறியவருக்கு அபராதம் விதிக்கிறது. மன்றத்தின் தீர்ப்புக்குச் சட்ட வலு இன்றும் உண்டு. 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த இவ்வூரின் வரைபடம் ஆக்ஸ்போர்டில் பாதுகாக்கப்படுகிறது. அதில் ஒவ்வொரு பட்டையும் குறிக்கப்பட்டிருப்பதோடு, ஏர் ஓட்டுபவர்களும் அறுவடை செய்பவர்களும் சிறு சிறு உருவங்களாக வரையப்பட்டிருக்கிறார்கள்.

இந்த முறையைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு நிலம் ஆண்டுதோறும் விளைச்சலின்றிக் கிடந்தது. ஊர் மாடுகள் எல்லாம் ஒன்றாக மேய்ந்ததால் நல்ல இனத்தைத் தனியே பிரித்து வளர்க்க வழியில்லை. நோய் வந்தால் மந்தை முழுவதற்கும் பரவியது. ஆனால் பட்டை நிலம் இல்லாத குடும்பத்துக்கும் இங்கே ஏதோ ஒரு பிடி இருந்தது. குடிசை ஒன்று இருந்தால் மேய்ச்சல் புறம்போக்கில் ஒரு பசுவையோ நாலைந்து வாத்துகளையோ விடலாம், சுள்ளி பொறுக்கலாம், அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிர்களைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கி வரலாம். கூலி கிடைக்காத மாதத்தில் அந்தப் பசுவின் பால்தான் குழந்தைகளைக் காப்பாற்றியது.

1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஏறத்தாழ 4,000 வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றி, 60 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தின் உரிமையை மாற்றி எழுதியது. ஓர் ஊரின் பெரும்பகுதி நிலத்தை வைத்திருந்தவர்கள் மனுப் போட்டால் போதும். ஆணையர்கள் வந்து அளந்து, சிதறிய பட்டைகளையும் புறம்போக்கையும் ஒன்றாகக் கலைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் ஒதுக்குவார்கள். அதைச் சுற்றி வேலி கட்டும் செலவும் சட்டத்துக்கான செலவில் பங்கும் உரிமையாளர் தலையில் விழுந்தன. சிறு உடைமையாளர் பலர் அதைத் தாங்க மாட்டாமல் விற்றுவிட்டார்கள். வழக்கத்தால் மட்டும் உரிமை பெற்றிருந்த, கையில் பத்திரம் எதுவும் இல்லாத குடிசைவாசிக்குப் பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்கவில்லை.

வேலிக்குள் வந்த நிலத்தில் விளைச்சல் கூடியது உண்மை. நார்போக் மாவட்டத்தால் பெயர்பெற்ற நான்கு பயிர்ச் சுழற்சியில் கோதுமை, டர்னிப் கிழங்கு, வாற்கோதுமை, குளோவர் என்ற தீவனச்செடி என்று ஒன்றை அடுத்து ஒன்று வரும். தரிசு என்ற கட்டமே கிடையாது. குளோவர் மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்தது. டர்னிப் குளிர்காலத் தீவனமானது. அதைத் தின்ற ஆடுகளைப் பட்டியில் அடைத்ததால் அந்த வயலுக்கே எருவும் சேர்ந்தது. லெஸ்டர்ஷயரில் ராபர்ட் பேக்வெல் தேர்ந்தெடுத்த இனங்களைச் சேர்த்து அதிக இறைச்சி தரும் ஆடுகளை உருவாக்கினார். ஆனால் புதிய பயிர்களைத் திறந்த வயல் ஊர்களும் மெதுவாக ஏற்றுக்கொண்டுதான் வந்தன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, குடிசைவாசியின் பசுவைப் பறிக்காமல் விளைச்சலைப் பெருக்கியிருக்கவே முடியாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வியாழன், சவுத்வெல்

லாக்ஸ்டனுக்குத் தெற்கே சில மைல் தொலைவில் இருக்கும் சவுத்வெல்லில், 1824இல் கட்டிய ஏழையர் விடுதி பழுதின்றி நிற்கிறது. ஜான் பெச்சர் என்ற பாதிரியாரின் திட்டப்படி எழுந்த இந்தச் செங்கல் கட்டடத்தில் 158 பேரை அடைக்க இடமிருந்தது. உழைக்க வலுவுள்ளவர், முதியோரும் நோயாளிகளும், குழந்தைகள் என்று பிரித்து, அதற்குள் ஆணையும் பெண்ணையும் மறுபடி பிரித்து, ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரைக் கண்ணால்கூடக் காணாதபடி படிக்கட்டுகளையும் முற்றங்களையும் தனித்தனியாக அமைத்திருக்கிறார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி வேறு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு முற்றத்துக்கும் உயர்ந்த சுவர். நடுக்கட்டில் இருக்கும் மேலாளரின் அறைச் சாளரங்கள் வழியே எல்லா முற்றங்களையும் பார்க்க முடிகிறது.

கிராமத்து ஏழ்மை திடீரென்று முளைத்ததல்ல. பிரான்சுடனான போர்க்காலத்தில் தானிய விலை ஏறியபோது, 1795இல் பெர்க்ஷயர் நீதிபதிகள் ரொட்டி விலைக்கு ஏற்பக் கூலிக்கு மேல் உதவித்தொகை தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது தெற்கு மாவட்டங்களில் பரவியதும், பண்ணையார்கள் கூலியைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தை ஊர் வரியின்மேல் போட்டார்கள். பிறகு கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. குளிர்கால மாதங்களில் தடியால் கதிரடித்துத்தான் பல குடும்பங்கள் உயிர் வாழ்ந்தன. அந்த வேலையும் போயிற்று. 1830இல் கென்ட் மாவட்டத்தில் தொடங்கித் தென் இங்கிலாந்து முழுவதும் விவசாயக் கூலிகள் அந்த இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோற்போர்களைக் கொளுத்தினார்கள். அதற்காக 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அதன் பின் 1834இல் வந்த ஏழையர் சட்டத் திருத்தம் சவுத்வெல்லை முன்மாதிரியாகக் கொண்டு நாடெங்கும் இத்தகைய விடுதிகளை எழுப்பியது. வெளியே இருக்கும் மிகக் கீழான கூலியின் வாழ்வைவிட உள்ளே இருக்கும் வாழ்வு மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் யாரும் விரும்பி வரமாட்டார்கள் என்பது கொள்கை. வலுவுள்ள ஆண்களின் முற்றத்தில் நின்றால் சுவரையும் வானத்தையும் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. ஆலை வாசலில் வரிசை நின்றவர்களை அங்கே தள்ளிய காரணங்களில் இந்த விடுதியின் அச்சத்தையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

வெள்ளி, குரோம்போர்டு

டெர்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மரங்கள் அடர்ந்த சரிவில் குரோம்போர்டு அமைந்திருக்கிறது. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் இங்கேதான் நீர்விசையால் இயங்கும் பருத்தி நூற்பாலையைத் தொடங்கினார். பிரஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, முடிதிருத்தி, டோப்பா செய்து விற்று வாழ்ந்தவர் அவர். 1769இல் அவர் காப்புரிமை பெற்ற நூற்பு இயந்திரம், ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளைகளின் வழியே பஞ்சுத் திரியை இழுத்து முறுக்கியது. அதற்கு முன் இங்கிலாந்தில் நூற்ற பருத்தி நூல், துணியில் குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டுமே தேறியது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்கு வேண்டிய வலு அதில் இல்லாததால் லினன் நூலைப் பாவாகப் போட்டு நெய்தார்கள். பாவுக்கும் ஊடைக்கும் பருத்தியே கொண்ட துணி என்றால் அது இந்தியாவிலிருந்து வரவேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் போன அச்சுத்துணிகள் அங்கே அவ்வளவு விரும்பப்பட்டதால், உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களின் நெருக்குதலுக்குப் பணிந்து, 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே நாடாளுமன்றம் பெருமளவு தடைசெய்தது. ஆர்க்ரைட்டின் நூல் பாவுக்குத் தாங்கியதும், அவரும் கூட்டாளிகளும் கேட்டுக்கொண்டதன் பேரில் 1774இல் உள்நாட்டுப் பருத்தித் துணிக்கு அந்தத் தடை விலக்கப்பட்டது. நம் நெசவாளர்களின் கைத்திறனோடு போட்டியிடும் ஆவலும் இந்தச் சிற்றூர் ஆலையின் அடித்தளத்தில் இருக்கிறது என்பதை இங்கே நின்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இடத்தேர்வின் காரணத்தை இங்கே கால்வாய் ஓரத்தில் நின்று பார்த்தால்தான் விளங்குகிறது. மலைக்குள் இருந்த ஈயச் சுரங்கங்களில் ஊறிய நீரை வடிக்க வெட்டிய சுரங்கக் கால்வாய் ஒன்று இங்கே வெளியே வருகிறது. நிலத்தடியிலிருந்து வருவதால் அந்நீர் கடுங்குளிரிலும் உறையாது. ஆகவே ஆலைச் சக்கரம் ஆண்டு முழுவதும் சுற்றியது. வேலைக்கு வந்தவர்களும் பெரும்பாலும் அந்த ஈயச் சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும்தான். வேலியடைப்பில் நிலமிழந்தவர்கள் அப்படியே ஆலைக்குள் நடந்து போனார்கள் என்று எளிமையாகச் சொல்லும் கதை குரோம்போர்டுக்குப் பொருந்தாது. வேளாண் மாற்றம் வேறு வகையில் ஆலைக்கு வழி செய்தது: குறைந்த கைகளால் அதிக உணவை விளைவித்ததால், உழாதவர்களின் கூட்டம் பெருகியபோதும் நாடு அவர்களுக்குச் சோறு போட முடிந்தது. 1801 கணக்கெடுப்பில் இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்து ஏறத்தாழ 89 லட்சம் பேர். 1851இல் அது ஏறத்தாழ 179 லட்சம். அந்த ஆண்டில் பிரிட்டனின் உழைப்பாளர்களில் நிலத்தில் இருந்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆலையின் சாலைப் பக்கச் சுவர் கோட்டைச் சுவரைப் போல இருக்கிறது. கீழ்த்தளங்களில் சாலையை நோக்கி ஒரு சாளரமும் இல்லை. இயந்திரங்களை உடைக்கக் கூட்டம் வரலாம் என்ற அச்சம் ஆலை முதலாளிகளுக்கு இருந்தது. 1779இல் லங்காஷயரில் ஆர்க்ரைட்டுக்குத் தொடர்புடைய பிர்கேக்கர் ஆலையைக் கூட்டம் எரித்தும்விட்டது. உள்ளே பகலும் இரவுமாகப் பன்னிரண்டு மணிநேர ஷிப்டுகள். மணி அடித்ததும் வாயிற்கதவு சாத்தப்படும். பிந்தி வந்தவர் அன்றைய கூலியை இழந்தார். வயலில் சூரியனும் மழையும் அறுவடையும் நாளின் நீளத்தைத் தீர்மானித்த காலம் போய், இந்த வாயிலில் மணியோசை அந்த அதிகாரத்தைப் பெற்றது. ஐரோப்பிய வாழ்க்கையில் நீராவி இயந்திரத்தைவிட இதுவே ஆழமான மாற்றம் என்று நான் கருதுகிறேன்.

ஆலைக்கு அருகே 1776இல் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வடக்குத் தெருவின் வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மூன்று மாடி கொண்ட அந்தக் கல்வீடுகளின் உச்சித் தளத்தில் மட்டும் வெளிச்சத்துக்காக நீண்ட சாளர வரிசை. அங்கே ஆண்கள் தறியில் உட்கார, மனைவியும் மக்களும் ஆலைக்குப் போனார்கள். இந்த ஏற்பாடு வெகுவேகமாக எல்லை தாண்டியது. ஜெர்மனியின் ராட்டிங்கனில் பிரூகல்மான் என்ற வணிகர் 1783ஐ ஒட்டி ஆர்க்ரைட்டின் இயந்திரங்களை நகலெடுத்து ஆலை அமைத்து, அதற்குக் குரோம்போர்டு என்றே பெயரும் வைத்தார்.

சனி, ஸ்டையல்

மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டையலில், சாமுவேல் கிரெக் 1784இல் நிறுவிய குவாரி பேங்க் ஆலையைப் பார்க்கப் போனேன். சில இயந்திரங்களைப் பார்வையாளர்களுக்காக ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒரு சில தறிகள் ஓடும்போதே பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை. நூற்றுக்கணக்கில் ஓடிய கொட்டகைகளில் வேலை செய்த லங்காஷயர் நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டார்கள். ஓடும் நூற்பு இயந்திரத்தின் அடியில் ஊர்ந்து உதிர்ந்த பஞ்சைக் கூட்டி எடுப்பதும், அறுந்த இழையைப் பிடித்து முறுக்கி இணைப்பதும் சிறுவர் வேலை. இயந்திர வண்டி முன்னே வந்து திரும்பும் இடைவெளிக்குள் அந்தச் சிறு உடல் வெளியே வந்தாக வேண்டும்.

ஆலையிலிருந்து சற்றுத் தள்ளி, 1790இல் கட்டிய பயிற்சிச் சிறுவர் இல்லம் இருக்கிறது. ஏறத்தாழ 90 பிள்ளைகள் அங்கே தங்கியிருந்தார்கள். பெரும்பாலோர் லிவர்பூல், லண்டன் போன்ற ஊர்களின் ஏழையர் விடுதிகளிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் அனுப்பப்பட்டவர்கள். உணவும் உடையும் படுக்கையும் உண்டு, கூலி கிடையாது. 1806இல் ஜோசப் செப்டன், தாமஸ் பிரீஸ்ட்லி என்ற இரு சிறுவர்கள் இங்கிருந்து ஓடிப் பல நாள் நடந்து லண்டனுக்குத் தாயைப் பார்க்கப் போனார்கள். பிடித்து நீதிபதி முன் நிறுத்தியபோது அவர்கள் கூறிய வாக்குமூலம் ஆவணமாக இருக்கிறது. தாமசின் கை இயந்திரச் சக்கரத்தில் சிக்கி ஒரு விரல் போயிருந்தது. உணவைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் அவர்கள் பெரிய குறை சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரெக் தன் காலத்து முதலாளிகளில் நல்லவராகவே எண்ணப்பட்டவர். பிள்ளைகளைப் பார்க்க மருத்துவரை நியமித்தவர். நல்லவர் என்று பெயரெடுத்தவரின் ஆலையிலேயே ஒரு குழந்தையின் நாள் பன்னிரண்டு மணிநேர வேலையாக இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது.

இதே கிரெக்குக்குக் கரீபியத் தீவான டொமினிக்காவில் தோட்டமும் அதில் அடிமைகளும் இருந்தார்கள். ஆலைக்கு வந்த பஞ்சின் பெரும்பகுதியும் அமெரிக்கக் கண்டத்து அடிமைகள் பறித்ததே. ஆங்கில வயலையும் ஆங்கில ஆலையையும் மட்டும் பார்த்து இந்தக் கதையை முடித்தால் கணக்கு நேராகாது.

1833இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் பருத்தி ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. அதை மேற்பார்க்க நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்கள். பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணிநேர வேலை என்ற வரம்பு வர 1847 ஆயிற்று.

திங்கள், மான்செஸ்டர்

காசில்பீல்டில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் படகுத்துறை இருக்கிறது. 1761இல் வோர்ஸ்லி சுரங்கங்களிலிருந்து நிலக்கரி படகில் வரத் தொடங்கியதும் நகரத்தில் அதன் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நீராவி இயந்திரம் வந்த பிறகு ஆலைக்கு ஆறு வேண்டியதில்லை, நிலக்கரி போதும் என்றாயிற்று. பள்ளத்தாக்குகளில் இருந்த தொழில் நகரத்துக்கு இறங்கி வந்தது. ஆன்கோட்சில் கால்வாயை ஒட்டி நிற்கும் மர்ரே ஆலைகள் 1798 முதல் எழுந்தவை, இன்று குடியிருப்புகளாகிவிட்டன. அந்தச் செங்கற்சுவர்களின் உயரத்தைக் கீழே நின்று பார்த்தால், நேற்றுவரை தேவாலயக் கோபுரத்தைவிட உயரமான எதையும் பார்த்திராத ஒரு கிராமத்துப் பெண்ணின் திகைப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

1801இல் முக்கால் லட்சம் அளவில் இருந்த நகரம் 1851இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. சாக்கடையும் குடிநீரும் அந்த வேகத்தில் வரவில்லை. எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கின்றன: ரட்லண்ட் என்ற வேளாண் மாவட்டத்தில் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் இறக்கும் சராசரி வயது 38, மான்செஸ்டரில் 17. குழந்தைச் சாவுகள் மிகுந்ததால் சராசரி இவ்வளவு தாழ்ந்தது என்பதை அறிந்தே படித்தாலும் அந்த 17ஐக் கடந்துபோவது எளிதல்ல. அதே அறிக்கைப்படி ரட்லண்ட் கூலித் தொழிலாளியின் 38தான் மான்செஸ்டர் கனவான்களின் சராசரி வயதும்.

நூற்பு பெருகியபோது முதலில் செழித்தவர்கள் கைத்தறி நெசவாளர்கள். விசைத்தறி அந்தச் செழிப்பைப் பறித்தது. 1820களில் ஏறத்தாழ 2,40,000 பேராக இருந்த பருத்திக் கைத்தறியாளர்கள் 1850 அளவில் 50,000க்கும் கீழே போயினர் என்று மதிப்பிடுகிறார்கள். 1819 ஆகஸ்ட் 16 அன்று செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய ஏறத்தாழ 60,000 பேரில் அவர்கள் நிறைய இருந்தார்கள். குதிரைப்படை வாளோடு புகுந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றார்கள். 2019இல் அமைத்த வட்ட வடிவப் படிக்கட்டு நினைவிடத்தில், அவர்கள் நடந்து வந்த ஊர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை சுற்றுவட்டார நெசவூர்கள்.

சீத்தம் நூலகத்தில், 1845இல் மார்க்சும் எங்கெல்சும் அமர்ந்து படித்த மேசை சாளர ஓரத்தில் இருக்கிறது. எங்கெல்ஸ் இந்நகரத்துக்கு வந்தது தன் குடும்பம் பங்குதாரராக இருந்த பஞ்சாலையில் வேலை பார்க்க. லிங்கன் சதுக்கத்தில் ஆபிரகாம் லிங்கனின் சிலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரத்து நின்று ஆலைகள் மூடிப் பட்டினி கிடந்த நிலையிலும் அடிமை ஒழிப்புக்கு ஆதரவு தெரிவித்த மான்செஸ்டர் தொழிலாளர்களுக்கு 1863 ஜனவரியில் அவர் எழுதிய நன்றிக் கடிதத்தின் பகுதி அதன் பீடத்தில் இருக்கிறது. அந்த ஆதரவு லங்காஷயர் முழுவதிலும் ஒரேபோல இருக்கவில்லை. ஆனாலும் அடுப்பெரியாத வீட்டிலிருந்து வந்த ஆதரவுக்குத் தனி மதிப்பு உண்டு.

செவ்வாய், ராச்டேல்

டோட் லேன் என்ற சிறு தெருவின் 31ஆம் எண் கட்டடத்தில், 1844 டிசம்பர் 21 மாலை, 28 பேர் சேர்ந்து ஒரு கடையைத் திறந்தார்கள். உறுப்பினர்களில் பலர் கம்பளி நெசவாளர்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி: திறந்த அன்று இருந்த சரக்கு இவ்வளவுதான். அன்றைய கடைகளில் மாவில் வெள்ளைக்கல் தூள் கலப்பதும் எடை குறைப்பதும் சாதாரணம். கடன் வாங்கிய தொழிலாளி அந்தக் கடையை விட்டு விலகவும் முடியாது. சில முதலாளிகள் கூலியையே தங்கள் கடைச் சரக்காகக் கொடுத்தார்கள். ராச்டேல்காரர்கள் கலப்படமில்லாத பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபப் பங்கு, ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு என்று விதி எழுதினார்கள். பெண்களும் உறுப்பினராகலாம், நாட்டின் பொதுத்தேர்தலில் பெண்ணுக்கு வாக்குரிமை வர அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

கடை இப்போது அருங்காட்சியகம். முன்னறையில் தராசும் மாவுப் பீப்பாய்களும் அன்று இருந்தபடி வைக்கப்பட்டிருக்கின்றன; பலகைமேசை மிகக் குறுகியது. நிலத்தின் மீதிருந்த பிடியை இழந்து, நேரத்தின் மீதிருந்த பிடியையும் இழந்த மக்கள், தங்கள் ரொட்டி மாவின் மீதாவது பிடி வேண்டும் என்று தொடங்கிய முயற்சி இது. 1855இல் உறுப்பினர் தொகை 1,400 ஆயிற்று. சென்னையில் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்த ராச்டேல் விதிகளையே முன்மாதிரியாகக் கொண்டது, டி.யு.சி.எஸ். என்று அழைக்கப்பட்ட அச்சங்கத்தின் கடையில் வரிசை நின்று மளிகை வாங்கிய சென்னைக் குடும்பங்களுக்கும் இந்தக் குறுகிய பலகைமேசைக்கும் அந்த வகையில் நேரடி உறவு உண்டு.